செவ்வாய் தவிர மற்ற நாட்களில் மனம் உடையத் தடை கோரி ஒரு மனு

அனுப்புநர்:
மனு எழுதுபவன்,
வேப்பமரத்தடி, ஜெராக்ஸ் கடைக்கு எதிரே,
மாவட்ட ஆட்சியர் அலுவலக வாசல்.

பெறுநர்:
மனநலம் சம்பந்தப்பட்ட சகல துறைகளின் உயர் அதிகாரிகள்,
மாநில அரசு, மத்திய அரசு இரண்டும்
(கோப்பு இப்போது எந்த மேசையில் இருக்கிறதோ அந்த மேசை).

பொருள்: மனநலம் – தாலுகா மருத்துவமனை – செவ்வாய்க்கிழமை நீங்கலாக ஏனைய நாட்களில் பொதுமக்கள் மனம் உடைவதைத் தடை செய்து ஆணையிட வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017. 2. தாலுகா மருத்துவமனைச் சுவரில் உள்ள விழிப்புணர்வுச் சுவரொட்டி (பாதி கிழிந்தது).

ஐயா / அம்மா,

மேற்காணும் பொருள் தொடர்பாகத் தங்கள் மேலான கவனத்துக்குப் பணிந்து தெரிவித்துக்கொள்வது யாதெனில், எங்கள் தாலுகா மருத்துவமனைக்கு மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் செவ்வாய்க்கிழமை தோறும் வருகிறார். போர்டில் ஒன்பது மணி. வந்து சேரப் பத்தரை ஆகும். அவர்மேல் ஒரு குறையும் இல்லை. தலைமை மருத்துவமனையில் வார்டு பார்த்து, கோர்ட்டுக்குச் சான்றிதழ் எழுதி, மற்ற தாலுகாக்களையும் சுற்றிவிட்டு வருகிற மனிதர். வராந்தா கொள்ளாத கூட்டத்தை ஒரு மணிக்குள் பார்த்து முடிக்க வேண்டும். "தூங்குறீங்களா? சாப்பிடுறீங்களா? அதே மாத்திரைய போடுங்க. அடுத்த ஆளு." அதற்குமேல் பேச அவருக்கு ஆசைதான், கடிகாரத்துக்கு ஆசையில்லை.

கோளாறு முழுக்கப் பொதுமக்களிடம் இருக்கிறது. இவர்கள் வெள்ளிக்கிழமை இரவில் உடைந்துபோகிறார்கள். பரீட்சை ரிசல்ட் வந்த காலையில், கந்துவட்டிக்காரர் வாசலில் வந்து நின்ற மாலையில், பிள்ளை பெற்ற பத்தாம் நாள் நடுராத்திரியில் உடைந்துபோகிறார்கள். கொஞ்சமும் ஒழுங்கில்லை. அரசு இவ்வளவு பாடுபட்டு ஒரு கிழமையை ஒதுக்கிக் கொடுத்திருக்கும்போது, அந்தக் கிழமையை மதித்து நடக்காத குடிமக்களை வைத்துக்கொண்டு எந்தத் திட்டம்தான் உருப்படும்?

இதைச் சொல்ல நீ யார் என்று கேட்பீர்கள். மக்கள் குறைதீர்க்கும் நாளான திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலக வாசலில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுப்பவன். மனு ஒன்றுக்கு ஐம்பது ரூபாய். எழுதுவது கால் மணி நேரம், கேட்பது முக்கால் மணி நேரம். கேட்பதற்குக் காசு வாங்குவதில்லை. அந்த வகையில் இந்த மாவட்டத்தில் காத்திருப்போர் பட்டியல் இல்லாத ஒரே மனநல ஆலோசகன் நானாக இருக்கலாம். படிப்பும் கிடையாது, பதிவும் கிடையாது. ஆகவே நடவடிக்கை எடுப்பதாக இருந்தால் முதலில் என்மேல் எடுக்கலாம்.

ஒரு சம்பவம். பட்டா மாறுதல் மனுவுக்கு ஒரு அம்மா வந்தார். சர்வே எண், உட்பிரிவு, கிரயப் பத்திர நகல் எல்லாம் மஞ்சப்பையில் வரிசையாக இருந்தன. எழுதி முடித்துக் கையெழுத்துக்கு நீட்டினால் பேனாவை வாங்கவில்லை.

"அண்ணே, இன்னும் ரெண்டு வரிக்கு எடம் இருக்குல்ல?"

"இருக்கும்மா."

"எம் மகன் ஆறு மாசமா குளிக்க மாட்டேங்கிறான். பாலிடெக்னிக் முடிச்ச பய. ராத்திரி பூரா செவத்தப் பாத்துப் பேசுறான். கோடாங்கிக்கிட்டயும் போயாச்சு, தாயத்தும் கட்டியாச்சு. செவ்வாக்கெழம டாக்டர் வருவாருன்னாங்க. அன்னைக்குன்னு பாத்து அவன் பாயவிட்டு எந்திரிக்கல. அதையும் இதுலயே எழுதிவிட்ருங்கண்ணே."

எழுதினேன். கணினியில் ஒரு மனுவுக்கு ஒரு துறைதான் தேர்வு செய்ய முடியும். பதிவு செய்த தம்பி வருவாய்த் துறையைத் தேர்ந்தெடுத்தார். உரிய காலத்தில் பதிலும் வந்தது: மனு பரிசீலிக்கப்பட்டு நில அளவைக்குப் பரிந்துரைக்கப்பட்டுள்ளதாம். அந்தப் பையனை எந்தச் சங்கிலி வைத்து அளப்பார்கள் என்று அம்மா வந்து கேட்கவில்லை. அவனைத் தனியாக விட்டுவிட்டு வர முடியாது என்று பக்கத்து வீட்டுக்காரர்தான் கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினார்.

இதுபோன்ற குழப்பங்கள் இனி நேராமலிருக்க, கீழ்க்கண்ட வரைவு விதிகளைத் தங்கள் ஒப்புதலுக்குச் சமர்ப்பிக்கிறேன்.

விதி 1: நேரம். மனம் உடைதல் செவ்வாய்க்கிழமை காலை பத்தரை முதல் ஒரு மணி வரை மட்டும் அனுமதிக்கப்படும். அன்று அரசு விடுமுறையானால் உடைவு அடுத்த வாரத்துக்கு ஒத்திவைக்கப்படும். பிரசவித்த தாய்மாருக்கும் பரீட்சை எழுதிய மாணவர்களுக்கும் விதிவிலக்கு இல்லை.

இந்த விதிக்கு ஒரு சிறு தடங்கல் உண்டு. 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது. அரசு நடத்தும் அல்லது அரசு நிதியில் நடக்கும் மனநலச் சேவை ஒவ்வொருவருக்கும் உரிமை என்கிறது. அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மருந்துகள் சமுதாய சுகாதார நிலையம் தொடங்கி மேலே எல்லா அரசு மருத்துவ நிலையங்களிலும் எல்லா நேரமும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்கிறது. அதோடு விடவில்லை. மாவட்டத்தில் குறைந்தபட்சச் சேவை இல்லையென்றால், அந்த மாவட்டத்திலேயே வேறு இடத்தில் சிகிச்சை பெற்றுக்கொள்ளலாம், செலவை அரசு ஏற்கும் என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். இந்தப் பகுதியைப் படித்துக் காட்டினால் மருந்துக் கவுன்டரில் இருப்பவர் நல்ல மனிதர், கோபப்படுவதில்லை. "ஸ்டாக் இல்லண்ணே, வெளிய வாங்கிக்கச் சொல்லுங்க" என்பார். எல்லா நேரமும் என்ற சொற்களை அடுத்த திருத்தத்தில் எடுத்துவிட்டால் சட்டம் நடைமுறையோடு ஒத்துப்போகும்.

விதி 2: பங்கீடு. நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவர் இருக்கிறார் என்பது நாடாளுமன்றக் குழு வரைக்கும் போன கணக்கு. மூன்று பேராவது வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. முக்கால் மருத்துவரில் எங்கள் தாலுகாவுக்கு வருவது எந்தப் பகுதி என்று ஆணையில் தெளிவுபடுத்த வேண்டுகிறேன். மருந்து எழுதும் கை வேறு ஊருக்குப் போனாலும் பரவாயில்லை, காது உள்ள பகுதியை எங்களுக்கு ஒதுக்கினால் போதும்.

பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015-16-இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் எடுத்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, வயதுவந்தோரில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருப்பதாகச் சொன்னது. பத்தில் ஒருவருக்கு மேல். அவர்களில் பெரும்பாலோருக்குச் சிகிச்சையே எட்டவில்லை என்றும் அதே கணக்கெடுப்பு சொன்னது. மத்திய சுகாதார பட்ஜெட்டில் மனநலத்துக்கென்று நேரடியாகப் போவதோ நூறு ரூபாய்க்கு ஏறக்குறைய ஒரு ரூபாய். அதிலும் பெரும்பகுதி பெருநகரத்துப் பெரிய நிறுவனங்களுக்கு. பெரிய நிறுவனம் வேண்டாமென்று எவன் சொன்னான்? அங்கே போக எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டிலிருந்து நேர் வண்டி இல்லை, அவ்வளவுதான்.

விதி 3: காப்பீடு. உடல்நோய்க்குக் கொடுக்கும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு கொடுக்க வேண்டும் என்பது 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு. 2018-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் கம்பெனிகளுக்குச் சொல்லிவிட்டது. கம்பெனிகளும் மெல்ல ஏற்றுக்கொண்டன. ஆனால் பெரும்பாலான பாலிசிகள் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் தரும். மனநலச் சிகிச்சையோ பெரும்பாலும் நடந்து வந்து, பேசி, மாத்திரை வாங்கி, நடந்து போகிற சிகிச்சை. ஆகவே விதி: வேலைக்குப் போய்க்கொண்டே, வாரம் ஒருமுறை ஆலோசனைக்குச் சென்று, கையில் இருக்கும் காசைச் செலவழித்துக் குணமாகிறவர் நோயாளி ஆகமாட்டார். முழுதாக விழுந்த பிறகு வரவும். நகரத்தில் ஒரு மணி நேரம் பேச ஆயிரம் ரூபாய்க்குக் குறைவில்லை. அரசின் ஊரக வேலைத் திட்டத்தில் ஏறக்குறைய மூன்று நாள் கூலி. மூன்று நாள் மண் வெட்டினால் ஒரு மணி நேரம் மனம் திறக்கலாம் என்ற கணக்கு கேட்க நன்றாகவே இருக்கிறது.

விதி 4: மதிப்பெண். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் மனநோயும் ஒன்று. சலுகைக் கதவு பெரும்பாலும் 40 சதவீதத்தில்தான் திறக்கும். தன்னைப் பார்த்துக்கொள்ளுதல், பிறரோடு பழகுதல், பேச்சும் புரிதலும், வேலை என்று நான்குக்கும் மதிப்பெண் போடுவார்கள். இந்தப் பரீட்சையில் ஃபெயில் ஆகிறவன்தான் பாஸ். மேற்படி பையனைச் சான்றிதழ் முகாமுக்குக் கூட்டிப் போகும் அன்று காலை அவன் அதிசயமாகக் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, "நல்லா இருக்கேன் சார்" என்று சொல்லிவிட்டால் குடும்பம் தொலைந்தது. பிள்ளை தெளிந்தானே என்று சந்தோஷப்படுவதா, சான்றிதழ் போச்சே என்று அழுவதா என்று அந்த அம்மாவுக்குத் தெரியாது. ஆகவே முகாம் நாளில் குணமாவதையும் தடை செய்ய வேண்டுகிறேன்.

விதி 5: உயிர் பிழைத்தவர்கள். இதில் அரசு நல்ல காரியம் செய்திருப்பதை மறைக்க மாட்டேன். தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடப்பிலிருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை. அதற்கு முன்பே 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, அப்படிப்பட்டவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் கொடுப்பது அரசின் கடமை என்று சொல்லிவிட்டது. சட்டப்புத்தகத்தில் இவ்வளவு கருணையான வரிகளை நான் அதிகம் பார்த்ததில்லை. வார்டில் கண்விழிப்பவர் முதலில் பார்ப்பது ஏட்டய்யாவின் நோட்டுப் புத்தகத்தை. அடுத்துப் பார்ப்பது, "வெளியே சொல்லாதே, கல்யாணம் ஆகாது" என்று காதில் சொல்லும் சொந்தக்காரரை. ஆலோசகரை எப்போது பார்ப்பார் என்பதை இனியும் நான் சொல்ல வேண்டியதில்லை.

14416 என்ற எண்ணையும் நான் மறக்கவில்லை. 2022 அக்டோபர் 10 முதல் டெலி மானஸ் என்ற பெயரில் நடக்கிறது. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. என் மேசைக்கு மேலே வேப்பமரத்தில் அந்த எண்ணை எழுதித் தொங்கவிட்டிருக்கிறேன், மனுவுக்கு வருகிறவர்களிடம் போனில் போட்டும் கொடுக்கிறேன். பொறுமையாகக் கேட்கிறார்கள். கேட்டுவிட்டு, பக்கத்தில் உள்ள மனநல மருத்துவரை நேரில் பாருங்கள் என்கிறார்கள். பக்கத்தில் உள்ளவர் யாரென்று தங்களுக்கே தெரியும்.

இதுவரை எழுதியதைப் படித்துத் தாங்கள் சிரித்திருந்தால் சந்தோஷம். அடுத்ததற்குச் சிரிக்க வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6 விடிகாலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநோயாளர் இல்லத்தின் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிப் போடப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. அப்படிப்பட்ட இல்லங்கள் மூடப்பட்டன. மூடியது சரி. ஆனால் அவர்களை அங்கே கொண்டுபோய் விட்ட அப்பா அம்மாக்களில் பெரும்பாலோர் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. பட்டா மனுவில் ரெண்டு வரி கேட்ட அம்மா மாதிரியானவர்கள். பக்கத்தில் டாக்டர் இல்லை, மாத்திரை வாங்கிக் கட்டுப்படியாகவில்லை, வேலைக்குப் போனால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. ஏர்வாடியில் தர்கா இருந்தது, அங்கே யாரும் சீட்டுக் கேட்கவில்லை, கிழமை கேட்கவில்லை. கொட்டகையை மூடும் ஆணை ஒரே நாளில் போடக்கூடியது. கொட்டகை தேவைப்படாத ஊரை உண்டாக்க ஆணை போதாது, ஆள் வேண்டும்.

அதையும் செய்யத் தெரியாத அரசு இல்லை இது. அதுதான் என் மனத்தாங்கல். அதே ஏர்வாடியில் பின்னால் தர்காவுக்குப் பக்கத்திலேயே அரசு மருத்துவரை உட்கார வைத்தார்கள். தவா (மருந்து), துவா (பிரார்த்தனை) இரண்டும். மந்திரித்துக்கொண்டு வருகிறவர் அப்படியே மாத்திரையும் வாங்கிக்கொள்ளலாம். தொழுகைக்கு யாரும் தடை சொல்லவில்லை, ஊசிக்கும் யாரும் தடை சொல்லவில்லை. சென்னையின் ஸ்கார்ஃப் மனநல அமைப்பு புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு பஸ்ஸை ஆலோசனை அறையாக்கி, சென்னையில் உட்கார்ந்திருக்கும் டாக்டரைத் திரையில் காட்டி, மாத்திரையைப் பஸ்ஸிலேயே கொடுத்தது. பேன்யன் அமைப்பு, குணமாகியும் போக வீடில்லாத பெண்களுக்கு ஊருக்குள் வாடகை வீடு எடுத்து, நாலைந்து பேராகச் சேர்ந்து வாழ வழி செய்தது. வீடில்லை, சொந்தமில்லை என்பதற்காக மட்டும் ஒருவரை மனநல மருத்துவமனையில் வைத்திருக்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு சொல்வதை, ஒரு சமையலறையும் நாலு பாயும் வைத்துச் செய்து காட்டினார்கள்.

ஆஸ்பத்திரி வாசலுக்கே போகாமலும் உயிர் காப்பாற்றலாம் என்பதற்கு இந்த மாநிலமே சாட்சி. பரீட்சையில் தோற்றவர் அதே ஆண்டு மறுபடி எழுதத் துணைத் தேர்வு கொண்டுவந்தோம். தோல்விக்குப் பிறகு வரும் தற்கொலைகள் குறைய அது உதவியது என்று தடுப்புப் பணியில் இருப்பவர்கள் சொல்கிறார்கள். அந்த ஆணையில் மனநலம் என்ற சொல் இருந்திருக்கத் தேவையில்லை. கந்துவட்டி, குடி, வீட்டுக்குள் அடி, வேலையின்மை என்று என் மேசைக்கு வருகிற மனுக்களில் எத்தனை அந்த வகை! ஆகவே இந்த மனுவை மக்கள் நல்வாழ்வுத் துறை மட்டும் படித்தால் போதாது.

டாக்டர் கிடைக்கவில்லையே என்பீர்கள். ஜிம்பாப்வே நாட்டின் ஹராரேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவருக்கும் அதே கஷ்டம். அவர் 2006-இல் 14 பாட்டிமார்களைப் பிடித்து, சிக்கலைப் பிரித்துப் பேசிக் கேட்கும் முறையைப் பழக்கி, சுகாதார நிலைய வாசலில் ஒரு மர பெஞ்சு போட்டு உட்கார வைத்தார். நட்பு பெஞ்சு என்று பெயர். அது பலன் தருகிறது என்பதை முறையான ஆய்வு நடத்தி 2016-இல் வெளியிட்டார்கள். பெஞ்சுக்கும் பாட்டிக்கும் இந்த நாட்டில் பஞ்சமா?

நமக்குப் பெஞ்சைவிட நல்லது ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டம். எங்கள் தெருவுக்கு வரும் அக்காவின் பையில் பிரஷர் மாத்திரை இருக்கிறது, சுகர் மாத்திரை இருக்கிறது. யார் வீட்டில் சண்டை, யார் வீட்டில் மூன்று நாளாக அடுப்பு எரியவில்லை, எந்தப் பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறான் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். டாக்டர் ஒருமுறை பார்த்து எழுதிக் கொடுத்த மனநல மாத்திரையையும் அந்தப் பையில் போட்டு அனுப்பினால், பாயைவிட்டு எழாத பையனுக்குச் செவ்வாய்க்கிழமை எதற்கு? அந்த அக்காவுக்குக் கேட்கவும் ஆளைக் கண்டு சொல்லவும் முறையான பயிற்சி கொடுங்கள். அதோடு சம்பளத்தையும் கூட்டுங்கள். அவருக்கும் மனசு இருக்கிறது, அதுவும் எல்லாக் கிழமையிலும் இருக்கிறது.

கடைசியாக, அதே 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 31-ஆம் பிரிவைத் தங்கள் நினைவுக்குக் கொண்டுவருகிறேன். மக்கள்தொகைக்கு ஏற்ப மனநலப் பணியாளர் எண்ணிக்கையைச் சர்வதேச அளவுகோலுக்குக் கொண்டுவர, சட்டம் நடைமுறைக்கு வந்ததிலிருந்து பத்து ஆண்டுகளுக்குள் அரசு முயற்சி எடுக்க வேண்டுமாம். நடைமுறைக்கு வந்தது 2018-இல். கணக்கு எனக்கும் வரும்: 2028. முயற்சி எடுக்க வேண்டும் என்று மட்டும்தானே இருக்கிறது, முடிக்க வேண்டும் என்று இல்லையே என்று தங்கள் சட்டப் பிரிவு சொல்லக்கூடும். அந்த வரியை எழுதியவர் எங்கள் வேப்பமரத்தடியில் நல்ல பிழைப்பு பிழைப்பார்.

எனவே, மேற்படி தடையாணையை உடனே பிறப்பிக்குமாறு வேண்டுகிறேன். அது இயலாத பட்சத்தில், மாத்திரை எல்லா நாளும், காது எல்லாத் தெருவிலும், வீடு இல்லாதவருக்கு வீடு என்ற சிறு மாற்று ஏற்பாட்டையாவது பரிசீலிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனு எழுதுபவன்.

இணைப்பு: பட்டா மனு நகல் (கடைசி இரண்டு வரி அடிக்கோடிடப்பட்டுள்ளது).

பின்குறிப்பு: 2028 காலண்டரைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த ஆண்டு உலக மனநல நாளான அக்டோபர் 10, செவ்வாய்க்கிழமையில் வருகிறது. வழக்கம்போல் அன்று பேரணி இருக்கும், பள்ளிப் பிள்ளைகள் வெயிலில் பதாகை பிடிப்பார்கள், மேடையில் மைக் இருக்கும். டாக்டரை மட்டும் அதற்கு அழைக்க வேண்டாம். அன்று அவருக்கு ஓ.பி. இருக்கிறது.